மனு வாங்கினால் முடிந்ததா, எம்.எல்.ஏ. சார்?

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். போதுமான அளவு பார்த்தாகிவிட்டது. நிழற்குடைத் திறப்பு விழா, பட்டாசு, ரிப்பன், நடுவில் புகுந்து "முதியோர் பணம் நின்னுபோச்சு சாமி" என்று கையைப் பிடித்த பாட்டி. "அது தாசில்தார் பாக்குறதும்மா, மனு குடுத்துட்டுப் போ" என்று நம்ம எம்.எல்.ஏ. கையைத் தட்டிவிட்டாரா, மெதுவாக விலக்கினாரா என்று ரெண்டு நாளாக ஸ்லோமோஷனில் போட்டு ஆராய்ச்சி நடக்கிறது. நடக்கட்டும். எனக்கு வயிறு எரிந்தது அதற்கு அடுத்த காட்சியில். உதவியாளர் அந்த மனுவை வாங்கி, கையில் இருந்த சால்வைக் குவியலுக்குள் செருகினார் பாருங்கள், அங்கேதான்.

அந்த மனு இப்போது எங்கே இருக்கிறது? இதுதான் என் கேள்வி. வேறு கேள்வியே இல்லை.

மனு வாங்குவது பெரிய வேலை இல்லை, யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அது எந்த மேஜையில் நிற்கிறது, ஏன் நிற்கிறது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று திரும்பச் சொல்வதுதான் வேலை. அரசு கட்டிக் கொடுத்த அலுவலகம் இருக்கிறது, ஃபேன் சுற்றுகிறது, நாற்காலியில் நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவர்கூட நோட்டில் பேரும் ஊரும் தொகையும் எழுதுகிறார். தொகுதிக்கே பிரதிநிதியான ஒருவரின் அலுவலகத்தில் யார், எதற்காக, என்றைக்கு வந்தார்கள் என்று ஒரு நோட்டு கிடையாது.

"எம்.எல்.ஏ. வேலை சட்டம் இயற்றுவது, பென்ஷன் வாங்கித் தருவது இல்லை" என்று ஒரு நண்பர் வகுப்பெடுத்திருக்கிறார். சரி சார், ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் நிழற்குடைக்கு மேல் எதற்கு அவர் படம்? அதுவும் சட்டமா? வருஷத்துக்கு நூறு நாள் சட்டமன்றம் கூடும் என்று 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. எழுதியதெல்லாம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? சட்டம் இயற்றி இயற்றிக் களைத்துப்போய்த்தான் ஊருக்கு வருகிறார்கள் போல.

தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு 3 கோடி. அதிலிருந்து தனி ஆளுக்குப் பணம் தர முடியாது, விதி இடம் கொடுக்காது, எனக்கும் தெரியும். யாரும் அவரிடம் பணம் கேட்கவில்லையே! நிழற்குடை வேண்டாம், ஹைமாஸ் விளக்கு வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் எது முதலில் என்று ஒன்று இருக்கிறதல்லவா? 2022 ஆகஸ்டில் முதலமைச்சராக இருந்த ஸ்டாலின் 234 எம்.எல்.ஏ.க்களுக்கும் கடிதம் எழுதினார், உங்கள் தொகுதியில் தீராத முக்கியமான பத்துக் கோரிக்கைகளைக் கலெக்டரிடம் கொடுங்கள் என்று. நல்ல விஷயம்தான். பாலம், கல்லூரி, ஆஸ்பத்திரி, சாலை என்று பெரிய பெரிய வேலைகளாகப் பட்டியல் போனது. எழுதட்டும், அதெல்லாமும் வேண்டியதுதான். ஆனால் நின்றுபோன 1200 ரூபாய் எந்தப் பத்துக்குள்ளும் வராது. அது பதினொன்றாவதுகூட இல்லை. அதற்குக் கல்வெட்டு வைக்க முடியாதே.

என் சித்தி கதையைச் சொல்கிறேன். சித்தப்பா போனபின் ஆதரவற்ற விதவை உதவித்தொகைக்கு இ-சேவை மையத்தில் பதிந்தோம். வி.ஏ.ஓ. வந்து வீட்டை எட்டிப்பார்த்தார், டிவி இருக்கிறதா, மகன் எங்கே என்று கேட்டார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான், அவன் பாடே திண்டாட்டம். அப்புறம் பல மாதம் சத்தமே இல்லை. எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போனோம் (இவர் இல்லை, இவருக்கு முந்தையவர், வேறு கட்சி. கமெண்டில் துள்ளுவதற்கு முன் இதையும் படித்துவிடுங்கள்). மனு வாங்கினார்கள், சீல் குத்தினார்கள், "அண்ணன்கிட்ட சொல்லிடுறோம்" என்றார்கள். சித்தி அண்ணனை நம்பி வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் தாலுகா ஆபீஸில், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தார் பிரிவில், ஒரு இளநிலை உதவியாளர் டீ ஆறுவதற்குள் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொன்னார்: ஆதாரில் அப்பா இனிஷியல், ரேஷன் கார்டில் புருஷன் இனிஷியல், அதனால் நிராகரிப்பு. அவ்வளவுதான்! இதைச் சொல்ல ஓர் ஆள் இல்லாமல் என் சித்தி அத்தனை மாதம் ரேஷன் அரிசிக் கஞ்சி குடித்தார்.

பணம் வர ஆரம்பித்த பிறகும் கேளுங்கள். பணம் பட்டுவாடா செய்ய வங்கிக்காரர் ஒரு சின்ன மெஷினோடு தெருவுக்கு வருவார். சித்திக்குக் கைரேகை விழாது. ஆயுள் முழுக்கக் களை எடுத்த கை. கட்டைவிரலை முந்தானையில் துடைத்து, தேங்காய் எண்ணெய் தொட்டு, மறுபடி துடைத்து அழுத்துவார். மெஷின் கீச்சென்று கத்தும். "அடுத்த மாசம் பாக்கலாம் பாட்டி" என்று அவர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அந்த வீடியோவில் இருக்கும் பாட்டிக்கும் இப்படித்தான் நின்றதோ, வேறு காரணமோ, யாருக்குத் தெரியும்? யாராவது கேட்டால்தானே.

"எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. சொன்னால் அதிகாரிகள் கேட்க மாட்டார்கள்" என்கிறார்கள். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் விண்ணப்ப எண்ணைப் போட்டு நிலவரம் பார்க்க எந்த அதிகாரியின் தயவு வேண்டும்? ஓர் ஆளும் இணைய இணைப்பும் போதும். பேனர் செலவில் மிச்சம் பிடித்தாலே ஆள் போடலாம்.

"கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுக்க வேண்டியதுதானே" என்று இன்னொருவர். போங்களேன் ஒரு திங்கட்கிழமை. வாசலில் போலீஸ் கிழவிகளின் மஞ்சப்பையைத் திறந்து பார்ப்பதைப் பாருங்கள். மண்ணெண்ணெய் பாட்டில் இருக்கிறதா என்று தேடுகிறார்கள். 2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே, குழந்தைகளோடு, தீக்குளித்ததே, மறந்துவிட்டதா? அவர்களும் அதற்கு முன்பு பலமுறை மனு கொடுத்தவர்கள்தான். அதன்பிறகு நாம் கற்ற பாடம் பையைச் சோதிப்பது. மனு எங்கே நின்றது என்று சோதிக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

இலவசம் கொடுத்தே நாடு கெட்டது என்று சொல்பவர்களுக்குப் பதில் எழுதவே கூடாது என்றிருந்தேன். முடியவில்லை. இந்த முதியோர் உதவித்தொகை 1962இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. 2023இல்தான் 1000 ரூபாய் 1200 ஆனது. தேசியத் திட்டத்தில் 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு டெல்லியின் பங்கு இன்னும் 200 ரூபாய்தான். 1200ஐ முப்பதால் வகுத்துப் பாருங்கள், ஒரு நாளைக்கு நாற்பது. அந்தக் காசில் நீங்கள் குடிக்கும் காபி வருமா?

முன்னாள் எம்.எல்.ஏ.க்களின் ஓய்வூதியம் இருக்கிறதே, அதை 30 ஆயிரத்திலிருந்து 35 ஆயிரமாக உயர்த்துவதாக 2025இல் அறிவித்தார்கள். அதை இலவசம் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எந்த வி.ஏ.ஓ.வும் அவர்கள் வீட்டை எட்டிப்பார்த்து டிவி இருக்கிறதா, மகன் எங்கே என்று விசாரித்ததும் இல்லை. நான் கணக்குப் பார்க்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை. பார்க்கத்தான் செய்கிறேன்.

"நீங்க எந்தக் கட்சி?" என்று உள்பெட்டியில் கேட்டிருக்கும் தம்பிக்கு: ரெண்டு கட்சி எம்.எல்.ஏ. அலுவலகத்திலும் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தவர்களின் கட்சி. போதுமா?

நாளை திங்கட்கிழமை. எதிர்வீட்டு அக்காவுக்கு மகளிர் உரிமைத் தொகை மேல்முறையீட்டை இன்றைக்கே எழுதி முடிக்கணும். கமெண்டுகளுக்கு ராத்திரி வந்துதான் பதில். அதுவரை ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருங்கள்.