நாக்கை அடக்கச் சொன்னவங்களுக்கு

கடையில காசு கட்ட நிக்கிற டில் லைன்ல ரெண்டு பக்கமும் சாக்லேட் இருக்கிறதைப் போட்டோ எடுத்து, இப்படி அடுக்காதீங்கன்னு சனிக்கிழமை போட்டிருந்தேன். அதுக்கு வந்த பதிலையெல்லாம் படிச்சிட்டு ரெண்டு நாள் பேசாம இருந்து பார்த்தேன், முடியல. "நாக்கை அடக்கத் தெரியாதவங்க கடைக்காரன் மேல பழி போடுறாங்க"ன்னு ஒரு அண்ணன் எழுதுறார், அதுக்கு நாப்பது லைக். லைக் போட்டதுல எங்க சொந்தக்காரங்களும் இருக்காங்க.

திரும்பவும் சொல்றேன், சாக்லேட் விக்கக்கூடாதுன்னு நான் சொல்லவே இல்ல. அதுக்குன்னு உள்ள தனி வரிசை இருக்கு, வேணும்னா போய் எடுத்துக்கலாம். காசு கட்ட வேற வழியே இல்லாத இடத்துல, பாம்பு மாதிரி வளைச்சு வளைச்சு நிக்க வெச்சு, ரெண்டு பக்கமும் சாக்லேட்டும் டாஃபியும் கைக்கு எட்டுற உயரத்துல அடுக்காதீங்கன்னுதான் கேக்குறேன். தென்னாப்பிரிக்காவுல, டர்பன் பக்கத்துல இருக்கிற எங்க சாட்ஸ்வர்த்துல எனக்கு அந்தக் கடையை விட்டா வேற கடை மனசுக்கு ஒட்டாது. பிடிச்ச கடைங்கிறதாலதான் கேக்குறேன்.

"நாங்கல்லாம் அந்தக் காலத்துல இப்படியா இருந்தோம்?"னு ஒருத்தங்க கேட்டிருக்காங்க. அந்தக் காலத்து டீ ரூம்ல, அதான் தெருமுனைச் சின்னக் கடையில, மிட்டாய் ஜாடி கடைக்கார மாமா முதுகுக்குப் பின்னாடி இருந்துச்சும்மா. வாய் திறந்து கேட்டாத்தான் சாப்பீஸ் பபிள்கம் கூட கிடைக்கும், அப்பா ஒரு தடவை வேண்டாம்னா அதோட முடிஞ்சுது. இப்ப இருபது நிமிஷம் நின்னுக்கிட்டே அடிக்கு அடி வேண்டாம் வேண்டாம்னு மனசுக்குள்ள சொல்லணும்.

வியாபாரம்னா அப்படித்தான்னு சொல்றீங்க. இங்க இருக்கிற வூல்வொர்த்ஸ் சூப்பர் மார்க்கெட்காரங்க 2015லயே பெரிய கடைகள்ல டில் பக்கத்துல இருந்த இனிப்பை எடுத்தாங்க, கடை இன்னும் நடக்குது. 2018 ஏப்ரல்ல சுகர் வரி வந்தப்போ, 100 மில்லிக்கு 4 கிராமுக்கு மேல சர்க்கரை உள்ள டிரிங்க்ஸுக்குப் போட்டாங்க. பழி எல்லாத்தையும் குடிக்கிறவன் நாக்கு மேலயே போட்டுட முடியாதுன்னு அரசாங்கத்துக்கே தெரிஞ்சிருக்கு. வரிசையில இருக்குற சாக்லேட்டுக்கு அந்த வரியும் கிடையாது.

எங்க அப்பாவுக்குப் பதினெட்டு வருஷமா சுகர். கால் விரல் ஒண்ணு எடுத்தாச்சு. இது உங்க எல்லாருக்கும் தெரியும், ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கிட்டு வந்து பார்த்தவங்கதானே நீங்க. பென்ஷன் வர்ற வாரம் அந்த லைன் ரொட்டி ஷெல்ஃப் வரைக்கும் நீளும், கால் வலியோட அதுல நிக்கிறார். போன மாசம் துவைக்க எடுத்த சட்டைப் பாக்கெட்ல ஒரு சாக்லேட் பேப்பர், நாலா எட்டா மடிச்சு, மேல கடை ரசீதைச் சுத்தி வெச்சிருந்தார். எழுபத்திமூணு வயசு மனுஷன். நான் ஒண்ணும் கேக்கல, பேப்பரைக் குப்பையில போட்டுட்டு சட்டையை நனைச்சு வெச்சேன்.

"மகள்தான் பார்த்துக்கணும்"னு எழுதின அத்தைக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல. காலையில நாலரைக்கு எந்திரிச்சு அவருக்குத் தனியா சமைச்சு வெச்சிட்டுத்தான் நான் வேலைக்குப் போறேன். வேற என்ன பார்க்கணும்?

அந்தப் பதிலையெல்லாம் அப்பாவும் படிச்சிட்டார். நேத்து கடைக்குப் போனப்போ, "நீ போயிட்டு வாம்மா, நான் கார்லயே இருக்கேன்"னுட்டார். கறிவேப்பிலையை அவர்தான் எப்பவும் கிள்ளி முகர்ந்து பார்த்து எடுப்பார். நேத்து நான் கைக்கு வந்த கட்டை எடுத்துட்டு வந்தேன்.