வகுப்பறைக்குள் சோதனை செய்வது பற்றி

கல்வி ஆய்வையும் இயற்பியல், வேதியியல் மாதிரி நடத்தினால்தான் அது அறிவியல் என்கிறவர்கள் சொல்வதில் பாதியை நான் மனதார ஏற்கிறேன். ஒரு புதிய பாடமுறை பலன் தருகிறதா என்று அதைக் கொண்டுவந்தவரிடமே கேட்டால் என்ன பதில் வரும்? குலுக்கல் முறையில் பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒன்றில் அந்த முறையைச் செய்து, மற்றதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எவ்வளவோ நேர்மையானது.

ஆனால் அந்த முடிவைத் தூக்கிக்கொண்டு வேறொரு ஊருக்குப் போகும்போதுதான் சிக்கல். அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் 1985-ல் தொடங்கிய சோதனையில் சில வகுப்புகளில் 13 முதல் 17 பிள்ளைகள், சிலவற்றில் 22 முதல் 25 பேர். சிறிய வகுப்புப் பிள்ளைகள் நன்றாகவே முன்னேறினார்கள். சரி, 1996-ல் கலிபோர்னியா மாநிலம் முழுக்கத் தொடக்க வகுப்புகளை 20 பேராகக் குறைக்க இறங்கியது, ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் தேவைப்பட்டதால் முழுத் தகுதி பெறாதவர்களையும் சேர்த்தார்கள், வகுப்பறைக்கு இடமும் போதவில்லை, கடைசியில் டென்னஸி அளவுக்குப் பலன் தெரியவில்லை. முதல் சோதனையில் தப்பே இல்லை. அங்கே வேலை செய்தது எண்ணிக்கை மட்டும்தானா, அதற்குள் ஆசிரியர் என்ன செய்தார் என்ற கேள்விக்குத்தான் அதில் போதிய பதில் இல்லை.

என்னை இன்னும் அதிகமாக யோசிக்க வைத்தது கென்யாவில் நடந்த பாடநூல் சோதனை. கிராமப் பள்ளிகளுக்குப் பாடநூல் கொடுத்தார்கள், சராசரி மதிப்பெண் உயரவில்லை. அத்தோடு நிறுத்தியிருந்தால் ‘பாடநூலால் பயனில்லை’ என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள்! நல்லவேளை, ஆய்வாளர்கள் சராசரியோடு நிற்காமல் பிள்ளைகளைப் பிரித்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் மட்டும் முன்னேறியிருந்தார்கள். நூல்கள் ஆங்கிலத்தில், அங்கே பல பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி. புரியாத மொழியில் இருக்கும் நூலை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை என்ன செய்யும் என்பதை மதிப்பெண் அட்டவணை தானாகச் சொல்லாது, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

அதே கென்யாவில் ஒப்பந்த ஆசிரியர் திட்டம் ஒன்றை ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய பள்ளிகளில் பலன் இருந்தது, அதே திட்டத்தை அரசு நடத்திய பள்ளிகளில் இல்லை. நாடும் திட்டமும் ஒன்றுதான், நடத்தியவர்கள்தான் வேறு. உப்புக் கரைசல் யார் கலக்கினாலும் உப்புக் கரைசல்தான். ஒரு கல்வித் திட்டம் அப்படியில்லை, அதைக் கையில் எடுக்கிற ஆசிரியர் சம்பளம், மரியாதை, பயம் எல்லாவற்றோடும் சேர்த்துத்தான் எடுக்கிறார்.

அதனால் சோதனையே வேண்டாம் என்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை, அவர்களுடைய அழகான வகுப்பறை வர்ணனைகளை வைத்துக்கொண்டு ஒரு திட்டத்தை நிறுத்தலாமா தொடரலாமா என்று முடிவெடுக்கவே முடியாது. நான் கேட்பது இதுதான்: குலுக்கல் போடும் நாளிலேயே வகுப்பில் உட்கார்ந்து கவனிக்கவும், ஆசிரியர்களிடமும் பிள்ளைகளிடமும் பேசவும் ஆட்களை நியமியுங்கள், அதற்கான பணத்தை முதல் திட்ட மதிப்பீட்டிலேயே ஒதுக்குங்கள். அவர்கள் எழுதுவது பின்னிணைப்பாக ஒதுங்காமல், மதிப்பெண் கணக்கு வரும் அதே அறிக்கையில், அதே இடத்தில் வரட்டும்.