தியோஸ்கோரஸின் கையெழுத்தும் கணினியின் தீர்ப்பும்

பழைய கிரேக்க ஏட்டை எழுதியவர் யார் என்று கணினி கண்டுபிடித்துவிட்டதாகச் செய்தி வந்தால், நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: எத்தனை பேருடைய எழுத்தைக் காட்டி அதைப் பழக்கினார்கள்?

எகிப்தின் கோம் இஷ்காவ் கிராமத்தில் 1905-இல் ஒரு பழைய வீட்டின் இடிபாடுகளுக்குள் பாப்பிரஸ் என்னும் நாணல் தாள்கள் அடைத்த ஜாடி கிடைத்தது. தொலைந்தே போனதாகக் கருதப்பட்ட, பண்டைய கிரேக்க நாடகாசிரியர் மெனாண்டரின் நாடக ஏடுகளும் அதில் இருந்தன. அவற்றோடு இருந்தவை 6-ஆம் நூற்றாண்டில் அதே ஊரில் வாழ்ந்த தியோஸ்கோரஸின் ஆவணங்கள். ஊரின் பெயர் அன்று அப்ரோடிட்டோ. அவர் வழக்கறிஞர், பத்திரம் எழுதுபவர், கிரேக்க மொழியில் கவிதை புனைந்தவர்.

பாசல், ஹாம்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் அந்த 6-ஆம் நூற்றாண்டின் பாப்பிரஸ்களிலிருந்து ஒரு சோதனைத் தொகுப்பை வெளியிட்டார்கள். 10 எழுத்தர்கள், மொத்தம் 50 படங்கள். தியோஸ்கோரஸும் அந்தப் பத்துப் பேரில் ஒருவர். ஆளுக்குச் சராசரியாக ஐந்தே படங்கள்! இவ்வளவு சிறியதாக இருந்தும் அந்தத் தொகுப்பை நான் மதிக்கிறேன். எழுதியவரைக் கண்டறியும் தம் முறையை அதை வைத்து எவரும் சோதித்துப் பார்க்கலாம்.

சிக்கல் தாளிலேயே தொடங்குகிறது. நாணல் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிச் செய்த தாள் அது. மை மங்கிய இடத்தில் நாரின் கோடுகளையும் எழுத்தென்றே கணினி எண்ணிவிடும். மையைத் தனியே பிரித்தெடுக்காவிட்டால் அது எழுதிய கையை அல்ல, தாளின் நிறத்தையும் புகைப்படத்தின் ஒளியையும் அடையாளம் காணும்.

அதைவிடப் பெரிய சிக்கல் மனிதக் கை. தியோஸ்கோரஸ் கவிதைக்கு ஒருவகை எழுத்தும் பத்திரத்துக்கு எழுத்துகளைச் சேர்த்து வேகமாக எழுதும் வேறுவகை எழுத்தும் எழுதினார். கடைக்குப் பட்டியல் எழுதும்போதும் விண்ணப்பம் எழுதும்போதும் என் எழுத்தே ஒன்றாக இருப்பதில்லை. பத்திரத்தின் அடியில் ‘என் வழியாக எழுதப்பட்டது’ என்று எழுத்தர் பெயர் இருந்தாலும், மேலே உள்ள வரிகளை அவருடைய உதவியாளர் எழுதியிருக்கக்கூடும். அப்படியானால் கணினிக்கு நாம் காட்டும் ‘சரியான விடை’யே தவறாக இருக்கலாமே!

ஆகவே, ‘இவர்தான்’ என்ற தீர்ப்பைக் கணினியிடம் நான் கேட்கமாட்டேன். தியோஸ்கோரஸின் ஆவணங்கள் இன்று கெய்ரோ, லண்டன், பெர்லின் எனச் சிதறிக் கிடக்கின்றன. கெய்ரோவில் உள்ள ஒரு துண்டின் எழுத்தோடு மிகவும் ஒத்துப்போகும் பத்துத் துண்டுகளைத் தேடித் தரட்டும். எந்த எழுத்தின் எந்த வளைவைக் கண்டு அப்படிச் சொல்கிறது என்பதையும் படத்திலேயே காட்டட்டும். அதன்பின் அந்தத் துண்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க, பாப்பிரஸ் படித்துப் பழகிய ஒருவர் வேண்டும்.