புகைக்குப் பக்கத்தில் நாங்கள் குடிவரவில்லை

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். நேற்றிலிருந்து இன்பாக்ஸ் முழுக்க அதுதான். கடைசி வரை பார்த்துவிட்டேன். வடசென்னையில் எங்கள் எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு ஆள் காரை ஓரம் கட்டி, மூக்கைப் பொத்திக்கொண்டு, "இப்படி ஒரு இடத்துல எதுக்குங்க வந்து குடியிருக்காங்க? வேற இடமே கிடைக்கலையா?" என்று கேட்கிறார். கீழே ஆயிரக்கணக்கில் சிரிப்பு பொம்மைகள்.

அவருக்கும் சிரித்தவர்களுக்கும் ஒரே பதில்தான். நாங்கள் யாரும் புகைக்குப் பக்கத்தில் வந்து குடியேறவில்லை. புகைதான் எங்கள் வீட்டுப் பக்கத்தில் வந்து குடியேறியது. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன், ஏனென்றால் எத்தனை தடவை சொன்னாலும் யார் மண்டையிலும் ஏறுவதில்லை.

எண்ணூரை ஒட்டிய திருவொற்றியூரில் சுந்தரர் சங்கிலியாரைக் கல்யாணம் செய்துகொண்ட கதை பெரியபுராணத்தில் இருக்கிறது. அந்தக் கோயில் ராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லில் எழும்பியது. பட்டினத்தார் அடங்கிய இடம் எங்கள் கடற்கரையில்தான் இருக்கிறது. பக்கிங்காம் கால்வாயின் முதல் பகுதியே 1806இல் மதராசிலிருந்து எண்ணூர் வரைக்கும் வெட்டியதுதான். படகில் விறகும் உப்பும் போன கால்வாய் அது. உப்பளமும் ஆறும் கடலும் ஒன்றாக இருந்த ஊர் என்பதால் வெள்ளைக்காரர்கள் ஓய்வெடுக்க எண்ணூருக்கு வந்தார்கள். ஆமாம், காற்று வாங்க வந்தார்கள். இதே எண்ணூருக்குத்தான்.

கம்பெனிகள் எப்போது வந்தன? 1946இல் மாமன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகை போட்டு பலூன் செய்ய ஆரம்பித்தார். அதுதான் இன்றைய எம்.ஆர்.எஃப். 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் பாகங்களைப் பூட்டி ஆஸ்டின் கார் செய்தது, பிறகு அசோக் லேலண்ட் ஆனது. 1955இல் என்ஃபீல்டு பைக் கம்பெனி வந்தது. விம்கோ தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர் ரயில் நிலையத்துக்கே வைக்கப்பட்டு, இன்று மெட்ரோவும் விம்கோ நகர் என்றுதான் வந்து நிற்கிறது. இதெல்லாம் சரி. கை வேலையும் இயந்திரமும் சேர்ந்த தொழில்கள், பக்கத்துத் தெரு ஆட்கள் நடந்தே வேலைக்குப் போனார்கள்.

அப்புறம் வந்தவை வேறு ரகம். 1969இல் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. 1970இல் எண்ணூரில் அனல்மின் நிலையம். 1971இல் மணலி உர ஆலை. 1994இல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வடசென்னை அனல்மின் நிலையம். 2001இல் துறைமுகம். இந்த வருஷங்களையும் கோயில் கல்வெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள், யார் பக்கத்தில் யார் வந்தது?

என் ஆயா காட்டுக்குப்பத்தில் பிறந்தவர். கொசஸ்தலை ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கையாலேயே தடவி இறால் பிடிப்பார், பறிக்கூடை நிரம்பினால்தான் கரை ஏறுவார். மடவை மீனும் நண்டும் வீட்டில் ஓயாது என்பார். இப்போது அதே இடத்தில் காலை வைத்தால் மணல் தட்டுப்படாது. சாம்பல் சேறு, முழங்கால் வரை உள்ளே வாங்கும். அனல்மின் நிலையச் சாம்பலைக் கொண்டுபோகும் குழாய்கள் ஒழுகி ஒழுகி ஆறு மேடாகிவிட்டது, படகு போவதே சிரமம்.

வீட்டு மாடியில் வடகம் காயப் போட்டால் மேலே ஒரு பழைய வேட்டியை மூடித்தான் போடுவோம். சாயந்திரம் அந்த வேட்டியின் மேல் விரலை வைத்துத் தேய்த்தால் விரல் கறுத்துவிடும். ஆயா அதைத் துவைத்து, ஓரத்தில் முடிச்சுப் போட்டு, மற்ற துணியோடு சேராமல் தனியாக வைப்பார். எத்தனை தடவை துவைத்தாலும் அதன் பழுப்பு போகவில்லை. அந்தக் காற்றைத்தான் ஆயா மூச்சாக இழுத்தார், கடைசி வருஷங்களில் உட்கார்ந்தபடியேதான் தூங்கினார்.

"கம்பெனியால்தானே சோறு சாப்பிட்டீர்கள்?" என்று கேட்பீர்கள். கேட்டே தீருவீர்கள், எனக்குத் தெரியும். ஆமாம், சாப்பிட்டோம். என் நைனா திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் பர்மனென்ட் தொழிலாளி. காலைச் சங்கு ஊதினால் எங்கள் தெருவே எழுந்துவிடும், வீட்டில் கடிகாரம் பார்க்கும் வழக்கமே கிடையாது. தீபாவளி போனஸில்தான் எங்களுக்குப் புதுத்துணி, என் காலேஜ் பீஸ் கட்டியதும் அந்தச் சம்பளத்தில்தான். இதை நான் ஒருநாளும் மறைத்ததில்லை. ஆனால் அந்தப் போனஸ் யாரும் தூக்கிக் கொடுத்த தர்மம் இல்லை, சங்கம் கட்டி, கேட்டில் உட்கார்ந்து வாங்கியது. என் நைனாவோடு அது முடிந்தும்விட்டது. என் பெரியப்பா மகன் ஐடிஐ படித்துவிட்டு, வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில் இருக்கும் ஒரு கம்பெனி கேட்டில் வருஷக்கணக்கில் நின்றான். கான்ட்ராக்டரைப் பார் என்றார்கள். கான்ட்ராக்டர் லோக்கல் ஆள் வேண்டாம் என்றார், சங்கம் அது இது என்று ஆரம்பித்துவிடுவார்களாம். புகை மட்டும் லோக்கல் ஆளுக்கு, வேலை யாருக்கு?

"அப்போ எல்லா ஆலையையும் மூடச் சொல்கிறாயா?" இல்லை. நான் அப்படி எங்கேயும் சொல்லவில்லை. குழாயை ஒழுகாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்றால் ஆலையை மூடு என்று அர்த்தமா?

"கஷ்டமாக இருந்தால் வேறு பக்கம் போகலாமே?" இதுதான் என்னை எரிய வைக்கிறது. கடலுக்குப் போகிறவன் படகைத் தூக்கிக்கொண்டு ஊரின் தென்கோடியில் இருக்கும் பெரும்பாக்கத்தில் மூன்றாவது மாடிக்குப் போக வேண்டுமா? எங்கள் வீட்டை விற்றால் வரும் காசில் அந்தப் பக்கம் ஒரு கக்கூஸ்கூட வாங்க முடியாது. வீட்டு விலையைக் குறைத்தது யார்? பக்கத்தில் வந்தவர்களா, ஏற்கெனவே இருந்தவர்களா? திரும்பவும் அதே கேள்விக்குத்தான் வருகிறேன். முதலில் இருந்தவனைப் பார்த்து நீ போ என்று சொல்ல யாருக்கு உரிமை கொடுத்தார்கள்?

கத்திவாக்கம், திருவொற்றியூர், மணலி எல்லாம் 2011இல் சென்னை மாநகராட்சிக்குள் வந்துவிட்டன. வரி சென்னைக்குக் கட்டுகிறோம். ஆனால் சென்னை என்று சொன்னால் எங்களைச் சேர்க்க மாட்டார்கள். என் தங்கைக்கு வரன் பார்த்தோம். ஜாதகம் பொருந்தியது, பெண் பார்க்க வரும் நாள்கூடக் குறித்தாகிவிட்டது. வீடு எண்ணூரில் என்று தெரிந்ததும் அதற்குப் பிறகு போனையே எடுக்கவில்லை. அவள் அன்றைக்கு எடுத்து வைத்த புடவையை அம்மா ஒன்றும் சொல்லாமல் பீரோவில் திரும்ப வைத்தார். படம் எடுக்கிறவர்களுக்கு எங்கள் ஊர் என்றால் கத்தியும் ரத்தமும். வீடியோ எடுக்கிறவர்களுக்கு நாற்றம். நாற்றத்தை யார் கொண்டுவந்து வைத்தது என்று மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை.

2017 ஜனவரியில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியது. பக்கெட்டில் அள்ளினார்கள், நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக முகத்துவாரத்துக்கு வந்தது. படகு, வலை, வீட்டுச் சுவர், நாய் என்று எல்லாவற்றிலும் கறுப்பு. திரும்பவும் மீனவர்கள்தான் இறங்கி அள்ளினார்கள். அந்தக் கறுப்பு போவதற்குள், அதே மாதம் 26ஆம் தேதி நடு ராத்திரியை நெருங்கும்போது பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில் வரும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண் எரிச்சலில்தான் விழித்தேன். முகத்தில் ஈரத்துண்டு கட்டி, அம்மாவைப் பைக்கில் ஏற்றி, திருவொற்றியூர் பக்கம் விரட்டினேன். சாலை முழுக்க நைட்டியோடும் லுங்கியோடும் ஜனம், தோளில் குழந்தைகள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எந்தப் பக்கம் ஓடுவது என்று சொல்ல அங்கே ஒருத்தர் இல்லை. அம்மா வழியெல்லாம் வாந்தி எடுத்தார். அன்றைக்கு அந்தச் சாலையில் கார் நிறுத்தி யாரும் எங்களுக்காக வீடியோ போடவில்லை. பெரியகுப்பம், சின்னகுப்பம் பெண்கள் அதற்குப் பிறகு பந்தல் போட்டு வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். அதை எத்தனை பேர் ஷேர் செய்தீர்கள்?

அந்த ஆளை விடுங்கள். அவர் எங்கிருந்தோ வந்தவர், வியூஸ் வேண்டும், போய்விட்டார். எனக்கு ஆறாதது வேறு. அந்த வீடியோவின் கீழே சிரிப்பு பொம்மை போட்டவர்களில் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன் ஒருத்தன் இருக்கிறான். இப்போது பழைய மகாபலிபுரம் சாலையில் பிளாட் வாங்கிவிட்டான். "நல்லவேளை தப்பிச்சேன் மச்சி" என்று கமெண்ட் வேறு போட்டிருக்கிறான். ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்பிக் கேட்டால், "காமெடிக்குப் போட்டது, இதுக்கெல்லாம் டென்ஷன் ஆகாதே" என்கிறான். அவனுடைய அப்பாவும் என் நைனாவும் ஒரே ஷிஃப்ட். ஸ்ட்ரைக் நடந்தபோது இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பில் சோறு வெந்தது. ஒரு ஊரிலிருந்து போவது தப்பில்லை, போகிறவர்கள் போகட்டும். தப்பித்தேன் என்று சொல்வதற்கு அங்கே யாரும் அவனைக் கட்டி வைக்கவில்லையே.

உன் பெயரை நான் போடவில்லை, உனக்குத் தெரியும். உன் அம்மா இன்னமும் எங்கள் தெருவில், அதே வீட்டில்தான் இருக்கிறார். அந்த ராத்திரி எங்கள் பக்கத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓடியவர்களில் அவரும் ஒருத்தர். நீ சிரித்த வீடியோவை அவருக்கும் அனுப்பினாயா?