பேரைத் திரிச்சது போதும், கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க டே

ஒரு உதவி கேட்டா பதில் சொல்லாம கம்பெனி பேரை கேலியா திரிச்சு எழுதிச் சண்டை போடுக குரூப்காரனுவளால மூணு நாளா வயிறு எரியுது, இன்னைக்கு எழுதாம தூக்கம் வராது. தக்கலைல சின்னதா ஒரு கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கேன், ஜெராக்ஸ், பிரிண்ட், ஆன்லைன் அப்ளிகேஷன், பாஸ்போர்ட்டுக்குப் பதிஞ்சு குடுக்கது, இதான் பொழப்பு. போன வாரம் கொளச்சல் பக்கத்துல இருந்து ஒரு அக்கா வந்தாவ. வீட்டுக்காரரு பதினாலு வருசமா கல்ஃப்ல. பழைய கம்பெனிய விட்டு வேற கம்பெனிக்கு மாறினப்போ அவிய குடுத்திருந்த சிம்ம திருப்பி வாங்கிட்டானுவ, அந்தக் குடும்பத்துக்கு மொத்தத்துக்கும் இருந்த ஒரே மெயில் அக்கவுண்ட் அந்த நம்பர்லயாக்கும் கிடக்கு. புது போன்ல திறந்தா 'கோடு அனுப்பியிருக்கோம்'னு சொல்லுது, கோடு போறது செத்த நம்பருக்கு. பாஸ்வேர்டு சரிதான், அக்கா மொவளோட பழைய ரஃப் நோட்டுல கடைசிப் பக்கத்துல பச்சை மையில எழுதி வச்சிருக்காவ, அடிச்சா ஏத்துக்கிடுது, ஆனா உள்ள விடமாட்டேங்குது. உள்ள என்ன இருக்குன்னா பழைய கம்பெனி மாசாமாசம் அனுப்பின சம்பளச் சீட்டு அத்தனையும், வேலை ஒப்பந்தம், மொவளோட நர்சிங் சர்டிபிகேட் ஸ்கேன். அந்தச் சம்பளச் சீட்ட வச்சுத்தான் பழைய கம்பெனில வரவேண்டிய சர்வீஸ் பணத்தக் கேக்கணும்.

நமக்குத் தெரிஞ்சத எல்லாம் பாத்தாச்சு. அக்கவுண்ட திருப்பிக் கேக்க ரிக்கவரி ஃபாரம் ரெண்டு தடவ போட்டேன், ரெண்டு தடவையும் 'உங்களுடைய அக்கவுண்ட்தான் என்று உறுதி செய்ய முடியவில்லை'ன்னு மிஷின் பதில். மனுசன் யாரு கிட்டயும் பேச வழியில்ல, ஒரு போன் நம்பர் கிடையாது, போய் நிக்கதுக்கு ஒரு ஆபீஸ் கிடையாது. அந்த மெயில் கம்பெனி மேல எனக்கு வாற கோவம் கொஞ்சமில்ல, அத முதல்லயே சொல்லிருகேன். நான் எந்தக் கம்பெனிக்கும் வக்கீல் இல்ல.

சரி, டெக்னிக்கலா வெவரம் தெரிஞ்ச ஆளுங்க ஆயிரக்கணக்குல இருக்க ஒரு தமிழ் குரூப்ல கேப்போம்னு போட்டேன். என்ன மெசேஜ் வருது, எந்தத் தேதில இருந்து வருது, பழைய போன் கையில இருக்கு ஆனா ரீசெட் ஆயிட்டு, அவசரத்துக்கு முன்னாடியே எடுத்து வைக்க பேக்கப் கோடும் எடுத்து வைக்கல, எல்லாம் வெவரமா எழுதினேன். மறுநாள் காலைல அக்கா கடைக்கு வந்தாவ, என் போன எட்டிப் பாத்துட்டு "எம்பத்தி மூணு பேரு பதில் போட்டிருக்காவளே தம்பி, வாசிங்க"ன்னு ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்தாவ. முகத்துல அப்படி ஒரு வெளிச்சம்.

நான் என்னத்த வாசிக்க? முதல் ஆளு அந்த மெயில் கம்பெனி பேர்ல ரெண்டு எழுத்த மாத்தி ஒரு அசிங்கமான பேரா ஆக்கி வச்சிருக்கான், கூட பத்து சிரிப்பு மூஞ்சி. அடுத்தவன் அதுக்கு ஏட்டிக்குப் போட்டியா வேற ஒரு கம்பெனி பேரைத் திரிச்சிருக்கான். மூணாவது ஆளு 'கிட்னி வித்து போன் வாங்கின ஆட்டுமந்தையெல்லாம் பேசப்படாது'ன்னு வாறான், நாலாவது ஆளு 'போலே சீன டப்பா'ங்கான், அங்கன இருந்து அது அப்படியே பத்திக்கிட்டு, ராத்திரி ஒரு மணி வரைக்கும் எழுதியிருக்கானுவ, எஸ் எழுத்துக்குப் பதிலா டாலர் குறி, ஃபேக்புக்கு, ஓட்ட ஜன்னலு, சொத்த ஆப்பிளு, லினக்ஸ்காரன் சன்னியாசி, எம்பத்தி மூணு பதில்ல ஒருத்தனாவது 'பழைய போன்ல அந்த அக்கவுண்ட் கடைசியா எப்போ திறந்துது'ன்னு கேட்டானா, இல்ல. அக்கா என் மூஞ்சியவே பாத்துட்டு இருக்காவ. "என்ன தம்பி சொல்லுகாவ, கிடைக்குமாமா?"ன்னு கேட்டாவ. நான் "இன்னும் ஆளு பாக்கல அக்கா"ன்னு பொய் சொன்னேன். வேற என்ன சொல்ல, நீங்களே சொல்லுங்க.

இப்போ யாராவது வந்து 'வட்டப்பேரு வைக்கது நம்ம ஊரு பழக்கம்தானே, சும்மா ஜாலிக்கு'ன்னு சொல்லுவான். லேய், வட்டப்பேர பத்தி நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு நீ பாடம் எடுக்கியா? எங்க ஊர்ல வட்டப்பேரு இல்லாத ஆளு கிடையாது. எங்க தெருவுல ஒரு வெல்டிங் பட்டறைக்காரருக்கு 'அரைமணிக்கூர்'னு பேரு. எப்போ போய்க் கேட்டாலும் 'அரைமணிக்கூர்ல தாறேன்'ம்பாரு, கேட்டு கைக்கு வர ஒரு மாசம் ஆகும். அந்த ஒத்தப் பேர்ல அந்த மனுசனோட மொத்தக் குறையும் இருக்கு, கேக்க எவனுக்கும் உடனே புரியும், அவருக்கும் உறைக்கும். கூடவே பழகி, பாத்து, அடிபட்டு வச்ச பேரு அது. நீங்க வைக்க பேரு எவன் கிட்டயோ இருந்து வாங்கின பேரு டே! முப்பது வருசத்துக்கு முன்னால அமெரிக்காவுல எவனோ ஒருத்தன் கோவத்துல எழுதினத இன்னைக்கு வரைக்கும் காப்பி அடிச்சுட்டு இருக்கிய.

மைக்ரோசாஃப்ட் பேர்ல எஸ்ஸுக்குப் பதிலா போடுக அந்த டாலர் குறிக்கு ஒரு காலத்துல அர்த்தம் இருந்துது, அத இல்லன்னு சொல்ல மாட்டேன். மைக்ரோசாஃப்ட் தன்னோட பிரவுசர விண்டோஸோட சேத்துக் கட்டி மத்தவன தலையெடுக்க விடலன்னு 1998ல அமெரிக்க அரசே கேஸ் போட்டுது, 2000த்துல கம்பெனிய ரெண்டா உடைக்கணும்னு ஒரு நீதிபதி தீர்ப்பே சொன்னாரு, அடுத்த வருசம் மேல்கோர்ட்டுல அந்த உத்தரவு ரத்தாயிட்டு. அந்தக் கம்பெனியோட தலைவரு 2001ல லினக்ஸ, அதாவது விண்டோஸுக்குப் பதிலா யாரும் இலவசமா போட்டுக்கிடுக சிஸ்டத்த, புற்றுநோய்னு சொன்னாரு. ஆனா அதே கம்பெனி 2018ல 750 கோடி டாலர் குடுத்து, சாஃப்ட்வேர் எழுதுகவங்க தங்க கோட போட்டு வைக்க கிட்ஹப் தளத்த வாங்கிச்சு, லினக்ஸ விண்டோஸுக்குள்ளயே கொண்டு வச்சுது. அவன் சண்டைய முடிச்சு வியாபாரத்துக்குப் போய் வருசக்கணக்கா ஆச்சு, இவனுவ இன்னும் டாலர் குறி போட்டுட்டு நிக்கானுவ. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட இலவச சப்போர்ட் முடிஞ்சுது, நல்லா ஓடிட்டு இருக்க எத்தனையோ மிஷின் டிபிஎம் 2.0ங்க பாதுகாப்பு சிப் இல்லங்க ஒரே காரணத்துக்கு விண்டோஸ் 11 ஏறாம கிடக்கு, என் கடைலயே ரெண்டு கிடக்கு. இதுல திட்டதுக்கு எவ்வளவு இருக்கு! அதத் திட்டு, காரணத்தச் சொல்லித் திட்டு, நானும் உன் கூட வந்து நிக்கேன்.

இன்னொரு விசயம், இது என் தொழில்ல தினசரி படுக கஷ்டம், இத யாரும் யோசிக்கதே இல்ல. ஒரு மிஷின்ல பிரச்சனைன்னா நாங்க என்ன செய்வோம், ஸ்கிரீன்ல வாற மெசேஜ அப்படியே எழுத்து மாறாம தேடுவோம், கம்பெனி பேரு, மாடல் பேரு போட்டுத் தேடுவோம். என்னைக்கோ ஒருத்தன் அதே பிரச்சனைய சரி பண்ணி எழுதி வச்சிருப்பான், அத வச்சாக்கும் எங்க பொழப்பே ஓடுது. அவன் கம்பெனி பேரை வக்கிரமா திரிச்சு எழுதியிருந்தா எனக்கு எப்படி கிடைக்கும்? உன் பதில் சரியாவே இருந்தாலும் கிணத்துல போட்ட கல்லு மாதிரி கிடக்கும். போன வருசம் ஒரு பிரிண்டர் டிரைவருக்கு ரெண்டு நாள் அலைஞ்சேன், கடைசில தற்செயலா ஒரு பழைய சண்டைக்கு நடுவுல அதுக்கான வழி கிடைச்சுது, மேலயும் கீழயும் பூரா வசவு, கம்பெனி பேரு ஒரு இடத்துல கூட ஒழுங்கா இல்ல.

பொறவு அந்தப் பேரைப் பாத்த உடனே எதிர்ல இருக்கவன் என்ன செய்யுகான்? அவனும் அதே கம்பெனியால அடி வாங்கினவனாத்தான் இருப்பான், ஆனா கையில அந்தப் போன வச்சிருக்கான், அவன ஆட்டுமந்தைன்னு சொன்ன உடனே கம்பெனிக்கு வக்கீலா மாறிடுகான். ரெண்டு பேரும் ஏமாந்தவனுவ, ரெண்டு பேரும் அடிச்சுக்கிடுகானுவ, ஏமாத்தினவனுக்கு ஒரு சொறிச்சலும் இல்ல.

கம்பெனிக்கு எதுல வலிச்சுதுன்னு சொல்லட்டா? 2017 டிசம்பர்ல ஆப்பிள் பழைய ஐபோன வேணும்னே மெதுவாக்குதுங்க விசயம் எப்படி வெளிய வந்துது? ஒருத்தர் பேட்டரிய மாத்தினாரு, மாத்தினதுக்கு முன்னால எவ்வளவு ஸ்பீடு, பின்னால எவ்வளவு ஸ்பீடுன்னு அளந்து எழுதினாரு. அதப் பாத்துட்டு வேகம் அளக்க சாஃப்ட்வேர் செய்யுக ஒரு ஆளு தன் கிட்ட இருந்த கணக்கையெல்லாம் வரைபடமா போட்டாரு. ரெண்டு நாள்ல கம்பெனி ஒத்துக்கிட்டுது, பேட்டரி தேய்ஞ்ச போன வேகம் குறைச்சது உண்மைன்னு. 79 டாலர் பேட்டரி 29 டாலர் ஆச்சு, 2020ல 50 கோடி டாலர் வரைக்கும் குடுக்கதா சமரசம் ஆச்சு. ஒரு பேட்டரி, ஒரு அளவு. 'சொத்த ஆப்பிள்'னு லட்சம் தடவ எழுதினதுல அஞ்சு பைசா கூட வரல.

நம்ம நாட்டுலயே பாருங்க. 'கூகுளாண்டவர்'னு கும்பிடுகவனும் உண்டு, அதே பேரைத் திரிச்சுத் துப்புகவனும் உண்டு, ரெண்டுல எதாலயும் ஒண்ணும் நடக்கல. 2018ல மூணு தனி ஆளு இந்தியப் போட்டி ஆணையத்துல ஒரு புகார் குடுத்தாவ, போன் செய்யுக கம்பெனி மேல கூகுளு தன்னோட ஆப் எல்லாத்தையும் மொத்தமா திணிக்காவ, அழிக்கவும் வழியில்லன்னு. அதுல இருந்து விசாரணை ஆகி 2022 அக்டோபர்ல கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபா அபராதம். அடுத்த ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் தடை குடுக்க மாட்டேன்னு சொன்ன பொறவு, எந்த ஆப்ப போடணும்னு போன் கம்பெனியே தனித்தனியா தேர்ந்தெடுக்கலாம்னு கூகுளு இறங்கி வந்துது. வாட்ஸப்போட 2021 பிரைவசி பாலிசிக்கு, ஒத்துக்கோ இல்லன்னா வெளிய போன்னு மிரட்டினதுக்கு, 2024 நவம்பர்ல வாட்ஸப்போட தாய்க்கம்பெனி மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபா அபராதம். நம்ம கையில இருக்க போன்ல நடந்த அநியாயத்துக்கு நம்ம நாட்டுல நடந்த வழக்கு டே இது, இத தெரிஞ்சு வச்சிருக்கவன் அந்த எம்பத்தி மூணு பேர்ல எத்தன பேரு?

2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா, உலகம் பூரா 85 லட்சம் விண்டோஸ் மிஷின் நீல ஸ்கிரீன் காட்டிட்டு நின்னுது, நம்ம ஏர்போர்ட்டுல கையால போர்டிங் பாஸ் எழுதிக் குடுத்தானுவ. அன்னைக்கு காலைல இருந்து ஓட்ட ஜன்னலு, ஓட்ட ஜன்னலுன்னு ஒரே கூத்து. தப்பான அப்டேட் அனுப்பினது கிரவுட்ஸ்ட்ரைக்குங்க வேற ஒரு பாதுகாப்பு சாஃப்ட்வேர் கம்பெனி. அத எடுத்துச் சொன்னவன 'மைக்ரோசாஃப்ட் அடிவருடி'ன்னு அடிச்சானுவ. நான் சொல்லியிருக்கேன், வாங்கிக் கட்டியிருக்கேன்.

நம்ம ஊரு கம்பெனிக்கும் இதே கதி தான். 2025 செப்டம்பர்ல ஸோஹோவோட அரட்டை ஆப் திடீர்னு எல்லா போன்லயும் ஏறினப்போ, அன்னைக்கு நியாயமா கேக்க வேண்டியிருந்த கேள்வி ஒண்ணே ஒண்ணு, கால்களுக்கு எண்ட்-டு-எண்ட் என்க்ரிப்ஷன், அதாவது பேசுக ரெண்டு பேரத் தவிர கம்பெனி கூட கேக்க முடியாத பூட்டு, இருக்கே, சாதா மெசேஜுக்கு ஏன் வரல? கேக்க விட்டானுவளா? ஒரு கோஷ்டி அந்தப் பேரை கேலி பண்ணி எழுதுது, இன்னொரு கோஷ்டி கேள்வி கேட்டவன தமிழ்த் துரோகிங்குது. தாய்மாருவ குடும்ப குரூப்ப அப்படியே அங்க மாத்திட்டு இருக்க நேரம், அவியளுக்குத் தேவையான ஒத்த பதிலு இந்த ரெண்டு கோஷ்டி கால்ல மிதிபட்டு போச்சு.

எனக்கு ஆத்திரம் எதுலன்னா, இதுல எழுதுகவன் ஒண்ணும் வெவரம் கெட்டவன் இல்ல. பாதிப்பேரு பெங்களூர்ல, சென்னைல பெரிய சம்பளத்துல இருக்கவன், அந்தக் கம்பெனிகளுக்கு உள்ளயே ஆளு தெரிஞ்சவன் இருப்பான். ரெண்டு வரி எழுதினா போதும், 'பழைய போன் பயன்படுத்தின அதே வைஃபைல இருந்து ஃபாரத்த போடுங்க, வீட்டுல இருந்து போடுங்க, கடைல இருந்து போடாதீங்க'ன்னு. அந்த விசயம் எனக்கு நேத்து ராத்திரிதான் வேற இடத்துல தேடிக் கிடைச்சுது, மெயில் கம்பெனியே எழுதி வச்சிருக்கு, எப்பவும் பயன்படுத்துக இடத்துல, எப்பவும் பயன்படுத்துக மிஷின்ல இருந்து முயற்சி பண்ணணும்னு. நான் ரெண்டு தடவையும் என் கடை கம்ப்யூட்டர்ல இருந்து போட்டேன். என் தப்பும் இருக்கு, அத அக்கா கிட்ட போன்லயே சொல்லிட்டேன். ஆனா எம்பத்தி மூணு பேருக்கு நடுவுல அதத் தெரிஞ்சவன் ஒருத்தன் கூடவா இல்ல? இருந்திருப்பான். அந்த சவத்து சண்டையப் பாத்துட்டு வாய மூடிட்டு போயிருப்பான்.

நாளைக்கு கடை லீவு. காலைல எட்டு மணிக்கு பஸ் ஏறி கொளச்சலுக்குப் போறேன், அவிய வீட்டு வைஃபைல, அந்தப் பழைய போனக் கையில வச்சு, மூணாவது தடவ ஃபாரம் போடணும். அக்கா பச்சை மையில எழுதின அந்த நோட்ட எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன். அக்கவுண்ட் தொடங்கின மாசத்தக் கேக்கும், அதுக்கு வீட்டுக்காரர் கிட்ட இன்னைக்கு ராத்திரியே கேட்டு வைக்கேன்னு சொன்னாவ. இது மாதிரி செத்த நம்பர்ல மாட்டி மீண்டு வந்தவிய யாராவது இருந்தா, என்ன செஞ்சு கிடைச்சுதுன்னு மட்டும் எட்டு மணிக்கு முன்னால சொல்லுங்க.