ஸ்ராட் பண்ணின கையோடை முறுக்காதை!

இண்டைக்கு விடிய அஞ்சு மணிக்கு என்ரை லான்ட்மாஸ்டர் உழவு மெசின் கதறின கதறலிலைதான் கண் முழிச்சனான். இரவல் கேட்ட பெடியன் ஹாண்டிலைச் சுத்தி, எஞ்சின் ஒருக்கா இருமினதுதான் தாமதம், அக்சிலேற்றரைக் கடைசி மட்டும் இழுத்துப்போட்டு நிக்கிறான். கரும்புகை வேப்பமரத்துக்கு மேலாலை போகுது. என்னடா செய்யிறாய் எண்டால், "சூடேத்துறன் அண்ணை"யாம்!

டேய், இரவு முழுக்க நிண்ட எஞ்சினிலை ஒயில் எங்கை இருக்கு? முக்கால்வாசி வடிஞ்சு அடியிலை இருக்கிற ஒயில் தட்டுக்குள்ளை, சம்பு எண்டுறது. பெயாரிங்கிலையும் சிலிண்டரிலையும் மிஞ்சிறது ஒரு மெல்லிசுப் பூச்சு. பம்ப் அதை இழுத்து மேலை அனுப்பச் சில செக்கனாவது வேணும். அதுக்குள்ளை முறுக்கினால் இரும்போடை இரும்பு உரசும். பிஸ்டன் றிங் மாத்திற காசு நீ தருவியோ?

கனடாவிலை சின்னப் பிளேன் எஞ்சின் திருத்திற என்ரை மச்சான் ஒருத்தன் இருக்கிறான். லைகோமிங் எண்ட பிளேன் எஞ்சினிலை கனக்க மொடலுக்கு மைனஸ் 12 டிகிரிக்குக் கீழை போனால் சூடாக்காமல் ஸ்ராட் பண்ணவே கூடாதாம். ஒயில் சீனிப்பாணி மாதிரித் தடிச்சிடும். அதோடை அலுமினியக் கூடு உள்ளை இருக்கிற உருக்குத் தண்டை விடக் கூடச் சுருங்கும். பெயாரிங் இடைவெளி இறுகிப்போகும். அதாலை போர்வை போத்து, சுடுகாத்து அடிச்சு, குழந்தைப்பிள்ளை மாதிரி எழுப்புவினமாம்.

எங்கடை கிளிநொச்சியிலை மார்கழிப் பனி எவ்வளவு கொட்டினாலும் தண்ணி உறையிறேல்லை. போர்வை ஆர் கேட்டது? ரெண்டு நிமிசம் மெதுவா ஓட விடு, பிறகு வயலுக்குள்ளை இறக்கு. அந்த ரெண்டு நிமிசத்திலை இரணைமடுக் குளம் வத்திப் போகுமோ?

இன்னொரு கொதி. சிறுபோக நெல் விதைப்பு இல்லாத காலம் மெசின் மாதக்கணக்கிலை கொட்டிலுக்குள்ளை நிக்கும். பக்கத்து வளவுக்காரர் பெருமையாச் சொல்லுறார், கிழமைக்கொருக்கா ரெண்டு நிமிசம் ஸ்ராட் பண்ணி நிப்பாட்டுறவராம். அண்ணை, டீசல் எரியேக்கை தண்ணியாவியும் வருது. எஞ்சின் நல்லாச் சூடேறினால்தான் அது வெளியேறும். இல்லாட்டில் ஒயிலோடை கலந்து கறள்தான் பிடிக்கும். பிளேன் காரருக்கும் இதே தலையிடிதானாம். ஓட்டினால் ஒழுங்கா ஓட்டுங்கோ, இல்லாட்டில் தொடாதைங்கோ.

பின்னேரம் பெடியன் கொண்டுவந்து விட்டான். தாங்கியிலை டீசல் துளியும் இல்லை. நாளைக்கும் வேணுமாம்.

ஹாண்டில் இப்ப என்ரை தலைமாட்டிலை.