பிட்ச்சுக்கு மதிப்பெண் போடாதீர்கள்

பல்கலைக்கழகத்தில் தொழில்முனைவுப் பாடம் என்றால் பெரும்பாலும் இதுதான்: பருவம் முழுக்க உட்கார்ந்து எழுதிய 40 பக்கத் திட்ட அறிக்கை, கடைசி நாளில் பத்து நிமிடப் பிட்ச் (நடுவர்கள் முன் தொழில் யோசனையை விளக்கும் பேச்சு), ஒரு பரிசு. இதில் மாணவர்கள் நன்றாக எழுதவும் பேசவும் பழகுகிறார்கள். தொழில் தொடங்கப் பழகுவதில்லை. மதிப்பெண்ணில் பாதியாவது, வாங்கக்கூடிய எத்தனை பேரை வெளியே போய்ச் சந்தித்தார்கள் என்பதற்கும், அவர்களிடமிருந்து கைக்கு வந்த முன்பணத்துக்கும் போக வேண்டும்.

அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 2011-இல் தொடங்கிய, ஆய்வாளர்களுக்குத் தொழில்முனைவு கற்றுத்தரும் ஐ-கார்ப்ஸ் பயிற்சியில் ஓர் அணி ஏழு வாரத்தில் 100 பேரிடம் பேசியாக வேண்டும். மற்ற பாடங்களும் படிக்கும் மாணவர்களுக்கு அது அதிகம்தான். வாரம் 5 பேர், 10 வாரம், 50 பேர் வைக்கலாம். நண்பர்களும் உறவினர்களும் கணக்கில் சேரக் கூடாது.

என்ன கேட்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. "இப்படி ஒரு ஆப் வந்தா வாங்குவீங்களா?" என்றால் முகதாட்சண்யத்துக்காகவே "கண்டிப்பா" என்பார்கள். அதை நம்பி ஆறு மாதம் உழைத்துக் கொண்டுபோய் நீட்டினால் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். நடந்து முடிந்ததைக் கேளுங்கள். கடைசியா எப்போ இந்தச் சிக்கல் வந்தது? அப்போ என்ன பண்ணீங்க? எவ்வளவு செலவாச்சு? இதுவரை ஒரு காசோ ஒரு மணி நேரமோ செலவழிக்காதவருக்கு அது சிக்கலே இல்லை. இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் பேசட்டும், மற்றவர் எதிரே இருப்பவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதட்டும். முதல் 15 நிமிடம் உங்கள் பொருளைப் பற்றி மூச்சு விடாதீர்கள்.

அடுத்தது கணக்கு. விலை 100, ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவு 70 என்றால் நிற்பது 30. எத்தனை விற்றாலும் மாறாத மாத நிலைச் செலவு (வாடகை போன்றவை) 15,000 என்றால் 500 விற்றால்தான் கையைக் கடிக்காது. "அறிமுகச் சலுகை" என்று 10 சதவீதம் குறைத்துப் பாருங்கள். நிற்பது 20 ஆகிவிடும், 750 விற்க வேண்டும். ஸ்லைடில் அழகாகத் தெரியும் அந்தச் சலுகை வேலையை ஒன்றரை மடங்காக்கிவிடுகிறது. இந்த ஒரு கணக்கை ஒவ்வொரு மாணவரும் தன் கையால் போட வேண்டும்.

மூன்று நண்பர்கள் நிறுவனத்தில் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று எழுதிக்கொள்வார்கள். படிப்பு முடிந்ததும் ஒருவர் வேலைக்குப் போவார், பங்கு மட்டும் அவரிடமே தங்கிவிடும். வெஸ்டிங் எழுதிக்கொண்டால் இது வராது: பங்கு நான்கு ஆண்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும், முதல் ஆண்டு முடியும் முன் விலகினால் எதுவும் கிடையாது. நட்பு நன்றாக இருக்கும்போதே கையெழுத்துப் போடுங்கள்.

ஆய்வகத்தில் பிறந்த யோசனையா? பல்கலைக்கழகத்தின் அறிவுசார் சொத்து விதியை முதல் வாரமே படியுங்கள். அவர்கள் கருவியையோ நிதியையோ பயன்படுத்தியிருந்தால் உரிமை அவர்களுக்கே போகலாம். பிட்ச் மேடையில் நுட்பத்தை விளக்கினாலே அது பொதுவெளியீடுதான். அதற்குப் பிறகு விண்ணப்பித்தால் ஐரோப்பாவில் பொதுவாகக் காப்புரிமை கிடைக்காது. அமெரிக்காவில் ஓராண்டு அவகாசம் உண்டு. விண்ணப்பம் போட்ட பிறகு மேடை ஏறுங்கள்.